பத்துக் கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை

போன மாதம் கல்லூரிப் பக்கம் வந்தபோது, வேதியியல் ஆய்வகத்தில் புதிதாக அட்டெண்டராகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒரு பெண் என்னை நிறுத்தி, “இங்க இருக்கிறதுலயே எந்தப் பாட்டில்கிட்ட ரொம்பக் கவனமா இருக்கணும்?” என்று கேட்டது. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. “எல்லாமே பாத்துத்தான் எடுக்கணும் தாயி” என்று ஏதோ சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு அது சரியான பதில் இல்லை என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். நான் ஐந்தாவதுவரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிட் பாட்டிலுக்கு நீங்கள் தானாகவே பயப்படுவீர்கள். அம்மோனியாவை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். அதே ஆய்வகத்தில் பார்த்த இருபத்தாறு வருட வேலையில் என் கையால் ஒரு மனிதருக்குக் கெடுதல் வந்தது என்றால், அது வெறும் டிஸ்டில்டு வாட்டரால் வந்தது.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. மதுவிலக்கு திரும்ப வந்திருந்த காலம். ஊரில் குடிக்கக் கிடைக்காதவர்கள் வார்னிஷைக்கூடக் குடித்தார்கள். அதனால் ஆய்வகத்துக்கு வரும் ஸ்பிரிட்டுக்கு லைசென்ஸ், பூட்டு, பதிவேடு எல்லாம் உண்டு. அந்தப் பூட்டின் சாவி ஸ்டோர் அட்டெண்டர் முத்தையா அண்ணனிடம் இருந்தது. அவர் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். கல்லூரி முழுக்கத் தெரிந்த விஷயம்தான். அதற்கு ஆறு வருடம் முன்னால் பேச்சி மதினி, அவருடைய மனைவி, ஏதோ சத்தியம் வாங்கினார். அண்ணன் அதோடு நிறுத்தினார். நிறுத்தியவர் நிறுத்தியதுதான்.

ஸ்பிரிட் கேனை என்னிடம் கொடுக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே கொடுப்பார்.

“இந்தா தாயி, என் பழைய சேக்காளி. நீயே தொறந்துக்க. நான் தொறந்தா பேச்சுக் குடுப்பான்.”

வருடத்துக்கு இரண்டு முறை தாவரவியல் துறைக்குப் பாதிக்குப் பாதி கலந்த ஸ்பிரிட் கொடுக்க வேண்டும். வேர், பூ, தண்டெல்லாம் கெடாமல் வைப்பதற்கு. அண்ணன் ஐந்து லிட்டர் ஸ்பிரிட் அளந்து தருவார். நான் ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் சேர்ப்பேன். பத்து லிட்டர் என்று வெள்ளைப் பெயிண்டில் கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குடுவை இருந்தது. கழுத்துக்குச் சற்றுக் கீழே, குடுவை குறுகும் இடத்தில் அந்தக் கோடு. அதில் ஊற்றி வைப்பேன். பதிவேட்டில் பத்து என்று எழுதுவார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்தே அப்படித்தான். ஐந்தும் ஐந்தும் பத்து, அதை யார் அளந்து பார்க்கப்போகிறார்கள்?

முதல் முறை நான் கலந்தபோது, கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை குறைந்து நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. என் வீட்டுக்காரர் அதே கல்லூரியில் வாட்ச்மேனாக இருந்து இறந்து, அந்த இரக்கத்தில் எனக்குக் கிடைத்த வேலை. சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சிந்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மேசையைத் தடவிப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன், எங்கும் ஈரமில்லை. யாரும் வருவதற்குள் கோடுவரை டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி மூடிவிட்டேன்.

அடுத்த முறை இன்னும் நிதானமாக ஊற்றினேன். அப்போதும் அதே விரற்கடை குறைந்தது. குடுவையைத் தொட்டால் இளஞ்சூடாக இருந்தது, அடுப்பிலிருந்து இறக்கிச் சிறிது நேரம் ஆன பாத்திரம்போல. அது ஏன் என்றும் யாரிடமும் கேட்கவில்லை. என் கையில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்துகொண்டேன். திரும்பவும் தண்ணீர் ஊற்றிக் கோட்டைத் தொட வைத்தேன். இப்படி ஏழு வருடம் செய்தேன். மேசைக்குப் பின்னால் நிற்கிற பையன்களும் பெண்களும் இதே விஷயத்தை நோட்டில் எழுதிப் பரீட்சையில் பாஸாகிப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

பிறகு அந்தக் கோடை வந்தது. வைகையில் மணல்தான். முனிசிபல் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். குழாய்த் தண்ணீர் ஓடினால்தான் டிஸ்டில்டு வாட்டர் இறக்க முடியும். கல்லூரி விடுமுறை. ஆசிரியர்கள் எல்லோரும் விடைத்தாள் திருத்தப் போயிருந்தார்கள். அன்றைக்குக் கையிருப்பில் சரியாக ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர்தான் இருந்தது. கலந்தேன். வழக்கம்போல் குறைந்தது. மேலே ஊற்றத் தண்ணீர் இல்லை. நாளைக்குக் குழாய் வந்தால் ஊற்றிக்கொள்ளலாம் என்று மூடி வைத்தேன்.

மத்தியானம் ஆபீஸ் சூப்பிரண்டு வந்துவிட்டார். மதுவிலக்கு அதிகாரிகள் தணிக்கைக்கு வரப்போகிறார்கள் என்று தகவல். அதற்கு முன்னால் தாமே எல்லாவற்றையும் அளந்துவிட வேண்டும் என்று வந்திருந்தார். நேர்மையான மனிதர். எதையும் பார்த்தால்தான் நம்புவார். குடுவையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். ஒரு லிட்டர் அளவு ஜாடியை எடுத்துவரச் சொல்லி, முழுவதையும் தாமே அளந்தார். முந்நூறு மில்லி குறைந்தது.

“ஒரு சோடா பாட்டில் அளவு,” என்றார். “ஏம்ப்பா முத்தையா, பூனையப் பாலுக்குக் காவல் வச்ச கதையாயிருச்சே?”

“ஐயா, நான் அஞ்சு லிட்டரு சரியாத்தேன் குடுத்தேன். தாயிகிட்டக் கேளுங்க.”

சூப்பிரண்டு என்னைப் பார்த்தார். “ஏம்மா, ஒங்கிட்டக் குடுக்கும்போது சரியா இருந்துச்சா?”

“இருந்துச்சுங்கய்யா.”

“தண்ணி எம்புட்டு ஊத்தின?”

“அஞ்சு லிட்டருங்கய்யா.”

“அஞ்சும் அஞ்சும் எம்புட்டு?”

நான் பத்து என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லோடு அண்ணனின் கதை முடிந்தது. கலந்த பிறகு குடுவை இருந்த அறையின் சாவியும் அவரிடம்தான். குடுவைக்கு அரக்கு வைத்துச் சீல் போட்டார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக்கூடாது என்று அவர் கையில் தாளைக் கொடுத்தார்கள். அவர் சத்தம் போடவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, “குடிச்ச காலத்துல ஒருத்தனும் என்னயப் பிடிக்கல. பாத்தியா தாயி?” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அவர் வீடு ஆரப்பாளையத்தில். இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். பேச்சி மதினி பையைத் தூக்கிக்கொண்டு அவனியாபுரத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். “தொட்டா இருக்க மாட்டேன்னு அன்னைக்கே சொல்லித்தான சத்தியம் வாங்குனா” என்றார்கள். அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆய்வகத்தில் யாருமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நூறு மில்லி அளவு ஜாடியை எடுத்தேன். அதில் ஐம்பது மில்லி தண்ணீர் ஊற்றி, மேலே இன்னொரு ஐம்பது மில்லி தண்ணீரை ஊற்றினேன். சரியாக நூறில் நின்றது. ஆக, என் கையில் கோளாறு இல்லை. பிறகு மேசையில் மிஞ்சியிருந்த ஸ்பிரிட்டில் ஐம்பது அளந்து, ஐம்பது தண்ணீர் சேர்த்துக் கலக்கினேன். ஜாடி கைக்கு இளஞ்சூடாக இருந்தது. ஆறவிட்டுப் பார்த்தேன். தொண்ணூற்றேழு. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் தொண்ணூற்றேழு.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். குறைகிறது என்று நான் சொன்னால், ‘அப்படியானால் இத்தனை வருடமும் எப்படிச் சரியாக இருந்தது?’ என்று அடுத்த கேள்வி வரும். நான்தான் தண்ணீர் ஊற்றினேன் என்று சொல்ல வேண்டும். ஸ்பிரிட்டைத் திருடுகிறவன் செய்கிற காரியமே அதுதான். எடுத்ததை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி அளவைக் காட்டுவது. ஏழு வருடம் யாருக்கும் தெரியாமல் அதைச் செய்தவள் நான். எனக்கு இரண்டு பிள்ளைகள், வேறு ஆதரவு கிடையாது. வாயைத் திறந்தால் அண்ணன் இருந்த இடத்தில் நான் நிற்பேன் என்று பயந்தேன். எட்டு நாள் பேசாமல் இருந்தேன். எட்டு நாளும் வேலைக்குப் போய், யாரும் தொடாத குடுவைகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்தேன்.

அவர் வேலைநீக்கத்துக்கான கடிதம் ஆபீஸில் டைப் ஆகிக்கொண்டிருந்தபோதுதான், எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு விரிவுரையாளர் அம்மா ஏதோ புத்தகம் எடுக்க வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். பேரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அவரிடம் பேச வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. அவர் பீரோவைத் திறந்துகொண்டிருந்தார், நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

திரும்பினார். “தொண்ணூத்தேழா? நீங்களே அளந்தீங்களா?”

“மூணு தடவை அம்மா.”

“பாக்கியம்மா, இது நாங்க வகுப்புல நடத்துற பாடம். ஏழு வருஷமா எங்க மூக்குக்குக் கீழயே நடந்திருக்கு, ஒருத்தருக்கும் தெரியல.” அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ஏன் எங்ககிட்டக் கேக்கல?”

“கேக்கத் தெரியல அம்மா.”

அவர் என்னைத் திட்டவில்லை. அலமாரியில் இருந்த பாட்டில்களைக் காட்டியே சொன்னார். எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன், நீங்கள் படித்தவர்கள், தப்பென்றால் திருத்திக்கொள்ளுங்கள்.

“தண்ணியில ஒரு ஆக்சிஜன், ரெண்டு ஹைட்ரஜன். ஆக்சிஜன் பேராசைக்காரன். பொதுவுல இருக்கிற எலக்ட்ரானத் தன் பக்கமே இழுத்து வச்சுக்குவான். ஹைட்ரஜன் பாவம், வெறும் உடம்போட நிக்கும். அதனால பக்கத்துல இருக்கிற இன்னொரு தண்ணி மூலக்கூறோட ஆக்சிஜனப் பிடிச்சுக்கும். அதுக்குத்தான் ஹைட்ரஜன் பிணைப்புன்னு பேரு.”

“கலியாணம் மாதிரியா அம்மா?”

“அம்புட்டுக் கெட்டி இல்ல. சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல பக்கத்து ஆளு தோளப் பிடிச்சுக்கிறோம்ல, அந்த மாதிரி. பிடிப்பீங்க, விட்ருவீங்க, அடுத்த ஆளப் பிடிப்பீங்க. ஆனா எல்லாரும் பிடிச்சுக்கிட்டே இருக்கிறதால கூட்டம் கலையாது. தண்ணி கொதிக்க அம்புட்டு நேரம் ஆகுறது அதனாலதான்.”

கிப்ஸ் கருவியில் அழுகின முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு வருமே, அது தண்ணீரின் பங்காளி என்றார். ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகம். தண்ணீரைவிடக் கனமான மூலக்கூறுதான், ஆனால் கந்தகத்துக்கு அந்த இழுப்பு போதாது. பிடிமானம் இல்லாததால் வாயுவாகப் பறந்துவிடுகிறது. ஈதரில் ஆக்சிஜன் இருக்கிறது, ஆனால் அதை ஒட்டி ஹைட்ரஜன் இல்லை. ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள முடியாது. உள்ளங்கையில் விட்ட ஈதர் நிற்காமல் போவதை நான் தினமும் பார்த்தவள்தான். பிடிமானம் அதிகமான கிளிசரின், பாட்டிலைச் சாய்த்தால் ஊர்ந்து ஊர்ந்து வருவதையும் பார்த்தவள்தான். பார்த்தவளுக்குக் காரணம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

“தண்ணி தனியா இருக்கும்போது இங்கயும் அங்கயும் பிடிச்சுக்கிட்டு, நடுவுல சந்து விட்டு நிக்கும். ஐஸாகும்போது சந்து இன்னும் பெருசாயிரும், அதான் ஐஸ் மிதக்குது. ஸ்பிரிட்டுக்கும் ஒரு ஓரத்துல ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இருக்கு. ரெண்டையும் சேத்தா ஒண்ண ஒண்ணு பிடிச்சு, முன்னவிட நெருங்கி உக்காந்துரும். அப்ப சூடு வெளிய வரும். இடம் மிச்சமாகும். உங்க முந்நூறு மில்லி அந்த இடந்தான். யாரும் குடிக்கல.”

நான் அழுதேன். அவர் அழுது முடிக்கவிட்டுப் பிறகு சொன்னார்: “இத நான் போய்ச் சொல்றேன். ஆனா தண்ணி ஊத்துனத நீங்கதான் சொல்லணும். அத மறைச்சுட்டு இத மட்டும் சொன்னா, நாளைக்கே பழைய கணக்கக் காட்டி அவரத் திரும்பப் பிடிப்பாங்க. யோசிச்சுக்கங்க. நான் கட்டாயப்படுத்தல.”

யோசித்தால் போகமாட்டேன் என்று எனக்குத் தெரியும். “வாரேன் அம்மா” என்றேன்.

பிரின்சிபால் அறையில் நான் அதற்கு முன்னால் தண்ணீர் டம்ளர் வைக்க மட்டும்தான் போயிருக்கிறேன். சூப்பிரண்டும் இருந்தார். அம்மா பேசினார். சூப்பிரண்டு முகத்தில் ஒரு சிரிப்பு.

“அஞ்சும் அஞ்சும் ஒம்பதே முக்கால்னு சொல்றீங்க. நான் படிச்ச பள்ளிக்கூடத்துல இப்படிச் சொல்லித் தரலையேம்மா?”

அம்மா அளவு ஜாடியை அவர் கையிலேயே கொடுத்தார். “நீங்களே ஊத்துங்க சார்.”

ஊற்றினார். ஆறும்வரை மேலே மின்விசிறி மட்டும் சுற்றியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தொண்ணூற்றேழு. தண்ணீரோடு தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். நூறு. திரும்பவும் ஸ்பிரிட். தொண்ணூற்றேழு.

“சரி,” என்றார். “குறையுதுன்னே வச்சுக்குவோம். குறைஞ்சது போக, அவனும் கொஞ்சம் எடுக்கலைன்னு எப்படிச் சொல்றது? சீல் வச்ச குடுவையில எது தானா குறைஞ்சது, எது வயித்துக்குள்ள போச்சுன்னு எழுதியா இருக்கு?”

அம்மா அடர்த்தி, சதவீதம் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். சூப்பிரண்டுக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிரின்சிபால் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிடம் போனால் ‘பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. அப்போது எனக்கு எங்கள் தெருவில் பயறு விற்கும் பெண் நினைவுக்கு வந்தார். படியைக் குலுக்கினால் பயறு இறங்கும். கோபுரமாக நின்றது விளிம்புக்குக் கீழே போய்விடும். ஆனால் பயறு எங்கும் போகவில்லை.

“நிறுத்துப் பாக்கலாங்கய்யா,” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “படியக் குலுக்குனா அளவுதான் குறையும். எடை குறையாது. அண்ணே எடுத்திருந்தா எடை காட்டிக்குடுத்துரும்.”

அம்மா போட்டுக்கொண்டிருந்த கணக்கை அப்படியே விட்டுவிட்டார். பிறகு மெதுவாக, “ஆமா. நிறுத்துப் பாத்தாப் போதும்,” என்றார்.

ஹாஸ்டல் சமையல்கூடத்தில் அரிசி நிறுக்கும் பெரிய தூக்குத் தராசு இருந்தது. நான்கு பேரும் அங்கே போனோம். எடை ஒத்த நான்கு காலிக் கேன்களை இரண்டு இரண்டாக வைத்து முள் நேராக நிற்கிறதா என்று சூப்பிரண்டே பார்த்தார். ஒரு தட்டில் இருந்த கேன்களில் புதிதாக அளந்த ஐந்து லிட்டர் ஸ்பிரிட்டும் ஐந்து லிட்டர் தண்ணீரும். இன்னொரு தட்டில் இருந்த கேன்களில், அரக்குச் சீலை உடைத்து, குடுவையில் இருந்ததை முழுவதும் ஊற்றினார்கள். தட்டுகள் ஆடின. முள் இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் போனது. நான் நம்பினேன் என்று சொன்னால் பொய். அண்ணன் எடுத்திருக்க மாட்டார் என்று மனசு சொன்னது, எடுத்திருந்தால் என்ன செய்வது என்றும் அதே மனசு கேட்டது.

முள் நடுவில் நின்றது.

சூப்பிரண்டு அதோடு விடவில்லை. ஒரு சோடா பாட்டில் அளவுக்கு இரண்டாவது தட்டிலிருந்து எடுத்துப் பார்த்தார். தட்டு சட்டென்று மேலே போனது. திரும்ப ஊற்றினார். முள் நடுவுக்கு வந்தது.

பிறகு, நான் எட்டு நாளாகப் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். “அப்ப இம்புட்டு வருஷமா எப்படிக் கோட்டுக்குச் சரியா இருந்துச்சு?”

“நான்தாங்கய்யா தண்ணி ஊத்தி நெரப்பினேன்.”

“எத்தனை வருஷமா?”

“ஏழு வருஷமா.”

“பால்காரன் செய்யுற வேலையில்ல செஞ்சிருக்க?”

“சிந்திட்டேன்னு நெனச்சேங்கய்யா. வேலை போயிருமோன்னு.”

பிரின்சிபால் என்னைத் திட்டினார். தாவரவியல் துறைக்கு ஏழு வருடமாகச் சற்று நீர்த்துப்போன சரக்குப் போயிருக்கிறது என்றார். உண்மைதானே. எனக்கு மெமோ கொடுத்தார்கள். அது என் பணிப்பதிவேட்டில் கடைசிவரை இருந்தது. வேலை போகவில்லை. அன்றைக்கே அண்ணனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உத்தரவு டைப் ஆனது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க சூப்பிரண்டு தாமே கிளம்பினார். வாசலில் ஒரு நிமிடம் நின்று, “நான் அளந்தது தப்பில்லம்மா,” என்றார். “இல்லீங்கய்யா,” என்றேன். “ஆனா பேசினது தப்பு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். அளவு ஒத்துவராமல் போவது குற்றமில்லை. ஒத்துவராததை ஒத்துவர வைப்பதுதான் குற்றம். முதல் நாள் ஒரு விரற்கடை குறைந்தபோது, ‘இது ஏன் குறையுது?’ என்று மூன்று சொல்லில் கேட்டிருந்தால், துறையில் இருந்த யாராவது ஒருவர் சிரித்துவிட்டுப் பாடத்தைச் சொல்லியிருப்பார். சிரிப்புக்குப் பயந்தேன். உங்களுக்குப் புரியாத ஒன்றைக் கண்டால் நிரப்பி மறைக்காதீர்கள். கண்டதைக் கண்டபடி எழுதி, தேதி போட்டு, அன்றைக்கே ஒருவரிடம் காட்டுங்கள். படிக்காதவள் கேட்கலாமா என்று நான் நினைத்ததுபோல நினைக்காதீர்கள்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் அண்ணன் அத்தோடு என்னை விடவில்லை.

மறுநாள் அவர் ஆய்வகத்துக்கு வந்தார். சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். எனக்கு நன்றி சொல்வார் என்று நினைத்தேனா, தெரியவில்லை. அவர் கேட்டது வேறு.

“தாயி, ஒனக்கு எத்தன நாளாத் தெரியும்?”

“எட்டு நாளாண்ணே.”

அவர் ஸ்பிரிட் பீரோவின் பூட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “சாயங்காலம் அவனியாபுரம் போறேன். நீயும் வா. நான் சொன்னா அவ நம்ப மாட்டா,” என்றார்.

போனோம். அவர் தெருமுனையிலேயே நின்றுகொண்டார். பேச்சி மதினி தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

“மதினி, அண்ணே குடிக்கல,” என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தண்ணீரும் ஸ்பிரிட்டும் சேர்ந்தால் குறையும் என்றும், தராசில் நிறுத்ததையும், நான் தண்ணீர் ஊற்றியதையும், எட்டு நாள் வாயை மூடியிருந்ததையும் தலையைக் குனிந்தபடியே எல்லாம் சொன்னேன்.

“அவுக குடிக்கலைன்னு எனக்குத் தெரியும் பாக்கியம்,” என்றார் மதினி.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“அன்னைக்கு வீட்டுக்கு வந்த ஒடனே வாயத் தொறக்கச் சொல்லி மோந்து பாத்தேன். கைய மோந்தேன். சட்டைய மோந்தேன். பதினஞ்சு வருஷம் அந்த வாடையோட படுத்தவளுக்குத் தெரியாதா? ஒண்ணுமே இல்ல.”

“பெறகு ஏன் மதினி வந்தீக?”

“படிச்சவுக அளந்து பாத்துச் சொல்லிட்டாகளே. காகிதம் குடுத்துட்டாகளே. என் மூக்கு என்னத்தக் கண்டுச்சுன்னு நெனச்சிட்டேன்.” மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். “அவுக கெஞ்சுனாக. ‘நீ மோந்து பாத்தியே பேச்சி, நீயே சொல்லு’ன்னு. நான் ஒண்ணும் சொல்லல. பையத் தூக்கிட்டு வந்துட்டேன்.”

என்னைப்போலவே இன்னொருத்தியும் தெரிந்துகொண்டே பேசாமல் இருந்திருக்கிறார் என்பதில் ஆறுதலா வரும்? வரவில்லை. இரண்டு பேரும் ஒரே மனிதரைக் கைவிட்டிருக்கிறோம் என்றுதான் தோன்றியது.

“தெருமுனையில நிக்கிறாரு,” என்றேன்.

“தெரியும். செருப்புச் சத்தம் கேட்டுச்சு.”

உள்ளே போய்ப் பையோடு வந்தார். தன் அண்ணன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டார். கூட்டம் இல்லாத டவுன் பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினோம். மதினி என் பக்கத்தில் உட்கார்ந்தார். இடம் கிடந்தும் அண்ணன் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரப்பாளையம்வரை நின்றே வந்தார். இறங்கும்போது அவர் கீழே நின்று கையை நீட்டினார். மதினி, அன்றைக்குத் தான் முகர்ந்து பார்த்த அந்தக் கையைப் பார்த்தார். பையை மட்டும் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துத் தானே இறங்கினார்.